மூன்று பிரதி எடுத்த மீனா

பிராம் ஸ்டோக்கரின் ‘ட்ரகுலா’வைப் பேய்க்கதை என்று எண்ணித்தான் திறந்தேன். ஆனால் பேய் வருவதற்கு முன்னால் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒருவர் வந்து நின்றார். சட்டத்தரணி அலுவலகத்து இளைஞர். கையில் ஒரு பை, பை நிறையக் கடதாசிகள். கட்சிக்காரர் மலைநாட்டில் இருக்கிறார், லண்டனுக்குப் பக்கத்தில் பழைய வீடொன்றை வளவோடு வாங்கப் போகிறார். அந்த அலுவலை முடித்துக் கொடுக்கத்தான் இளைஞர் ரயில் ஏறியிருக்கிறார். மட்டக்களப்பு புளியந்தீவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் 31 வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள் நான். உறுதி முடிக்க வெளியூர் போய், பஸ் தூசியோடு திரும்பி வந்து, என் மேசையில் கோப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்ட இளையவர்கள் எத்தனையோ பேர். இந்த ஜொனதன் ஹார்க்கரும் அவர்களில் ஒருவராகத்தான் எனக்குத் தெரிந்தார். அதனால் அவர் அந்தக் கோட்டைக் கதவுக்குள் கால் வைத்தபோது, பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று உண்மையாகவே பதறினேன்.

புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தவள் என் தங்கையின் மகள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கிறாள். “பெரியம்மா, இதில ஒரு டைப்பிஸ்ட் வருவா, உங்களுக்குப் பிடிக்கும்” என்று மட்டும்தான் சொன்னாள். சின்ன எழுத்தில் அச்சடித்த, முதுகு வெடித்த பழைய பிரதி. முதல் தடவை பத்து இரவில் அகராதியும் கையுமாக ஓடி ஓடி வாசித்தேன். கதை முழுவதும் தேதி போட்ட நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துண்டு என்றுதான் போகிறது. மே 3இல் தொடங்கி நவம்பர் 6இல் முடிகிறது. ஆகவே அடுத்த வருடம், அந்தந்தத் தேதிக்குரிய பகுதியை அந்தந்தத் தேதியிலேயே வாசித்தேன். நான் இங்கே சொல்கிறவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டாம் வாசிப்பில் கிடைத்ததுதான். நேரம் இருக்கிறவர்கள் அப்படியே செய்யுங்கள். ஜொனதன் பனிமலையில் நடுங்கும்போது இங்கே வைகாசி வெயில் கொளுத்தும். ஆனாலும் ஒரு கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் இடையில் நாமும் ஒரு கிழமை காத்திருக்கும்போது, காத்திருப்பதே பாதிப் பயம் என்று தெரிந்துவிடும்.

புத்தகம் 1897 மே 26ஆம் திகதி லண்டனில் வெளியானது. மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து, விலை 6 ஷில்லிங். ஸ்டோக்கர் டப்ளினில் பிறந்தவர், லண்டன் லைசியம் நாடக அரங்கின் நிர்வாகியாக நெடுங்காலம் வேலை பார்த்தவர். கணக்கும் கடிதமும் பயண ஏற்பாடும்தான் அவருடைய பகல்வேலை. அது கதையில் தெரிகிறது. எந்த ரயில் எத்தனை மணிக்கு, எந்தப் பெட்டி யாருடைய வண்டியில் போனது, பற்றுச்சீட்டு யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் இவருக்கு முக்கியம். எனக்கும் அப்படித்தான், ஆகவே எங்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

ட்ரகுலாவைத் தெரியாதவர்கள் யாருமில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள்கூடக் கறுப்புத் துணியைத் தோளில் கட்டிக்கொண்டு பல்லைக் காட்டுவார்கள். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். புத்தகத்துப் பிரபு நீண்ட வெள்ளை மீசை வைத்த கிழவர். தானே குதிரைவண்டி ஓட்டுகிறார், தானே மேசையில் சாப்பாடு வைக்கிறார், விருந்தாளி படுக்கையைத் தானே விரிக்கிறார். வேலைக்காரர் ஒருவரும் அந்த வீட்டில் இல்லை என்பதை ஜொனதன் கண்டுபிடிக்கிற இடம், பல்லைக் கண்டு பயப்படுகிற எந்த இடத்தையும்விட என்னைக் கலக்கியது. வெயில் பட்டால் சாம்பலாகிப் போவார் என்பதும் புத்தகத்தில் இல்லை. லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடந்துபோகிறார். பகலில் அவருடைய சக்தி குறைவு, அவ்வளவுதான். வெயிலில் அழிகிற விஷயம் 1922இல் ஜெர்மனியில் எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற ஊமைப்படத்திலிருந்து வந்தது. அனுமதி வாங்காமல் எடுத்த படம் என்று ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், பிரதிகளை எல்லாம் அழிக்கும்படி தீர்ப்பும் வந்தது. ஆனால் சில பிரதிகள் தப்பிவிட்டன. அதனால்தான் அந்தப் படத்தை இன்றைக்கும் பார்க்க முடிகிறது. பிரதி தப்புகிற இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி அதற்கு வருவேன்.

முதல் நான்கு அத்தியாயமும் ஜொனதன் கோட்டையில் அடைபட்டிருக்கிற நாட்குறிப்பு. இந்த நாவலின் தலைசிறந்த பகுதி இதுதான். 100 வருடத்துக்கு மேலாகியும் ஒரு சொல் பழுதாகவில்லை. முகம் வழிக்கும்போது பின்னால் வந்து நிற்கிறவர் கண்ணாடியில் தெரியவில்லை. ஒரு நிலா இரவில் யன்னலால் எட்டிப் பார்த்தால், அவர் சுவரில் தலைகீழாகப் பல்லி இறங்குவதைப் போல இறங்குகிறார். இவையெல்லாம் எல்லாரும் சொல்கிற இடங்கள். எனக்கு முள்ளந்தண்டு சில்லிட்டது வேறோர் இடத்தில். பிரபு உட்கார்ந்து சட்டம் கேட்கிறார்: இங்கிலாந்தில் ஒருவர் இரண்டு சட்டத்தரணிகளை வைத்துக்கொள்ளலாமா? ஓர் ஊர் அலுவலை ஒருவரிடமும், துறைமுக அலுவலை இன்னொருவரிடமும் கொடுத்தால், ஒருவருக்கு மற்றவர் செய்வது தெரியாதல்லவா? ஜொனதன் நல்ல பிள்ளையாக விளக்கம் சொல்கிறார், இவர் நல்ல சட்டத்தரணியாக வந்திருப்பாரே என்று வியக்கவும் செய்கிறார். 31 வருடத்தில் இப்படிக் கேட்ட கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காணியை இரண்டு பேருக்கு விற்கப்போகிற ஆள் முதலில் கேட்கிற கேள்வி கிட்டத்தட்ட இதுதான். யாருக்கும் முழு விஷயமும் தெரியக்கூடாது.

ஜொனதனுக்குச் சுருக்கெழுத்துத் தெரியும். அவர் மணம் முடிக்கப்போகிற மீனாவும் அவருக்கு உதவியாக இருக்கவேண்டும் என்று விழுந்து விழுந்து பழகுகிறாள். கோட்டையிலிருந்து களவாக அனுப்பப் பார்த்த கடிதத்தை அவர் அவளுக்குச் சுருக்கெழுத்திலேயே எழுதுகிறார். அது பிரபுவின் கையில் சிக்குகிறது. பிரித்துப் பார்க்கிறார், வாசிக்கத் தெரியவில்லை, முகம் கறுக்கிறது, விளக்கில் பிடித்துக் கொளுத்துகிறார். நானும் பிட்மன் சுருக்கெழுத்துப் படித்தவள். அந்தக் கோடுகளும் புள்ளிகளும் ஒரு அரக்கனுக்குக் கோபத்தை மூட்டுகின்றன என்று வாசித்தபோது, பள்ளிக்கூடம் விட்ட பிறகு சுருக்கெழுத்து வகுப்பில் உட்கார்ந்திருந்த அந்த மாலைநேரங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

இனி அந்த மூன்று கடிதம். மே 19. பிரபு மிகவும் மரியாதையாக ஜொனதனிடம் மூன்று கடிதம் எழுதித் தரச் சொல்கிறார். வேலை முடியப்போகிறது, சில நாளில் புறப்படுவேன் என்று ஒன்று. நாளைக் காலை புறப்படுகிறேன் என்று இரண்டாவது. கோட்டையை விட்டுப் பிஸ்ட்ரிட்ஸ் ஊருக்கு வந்துவிட்டேன் என்று மூன்றாவது. தேதிகளையும் அவரே சொல்கிறார்: ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29. தன் ஆயுள் எவ்வளவு என்று இப்போது தெரிந்துவிட்டதாக ஜொனதன் எழுதி வைக்கிறார்.

இரண்டாம் வாசிப்பில் மே 19 அன்று இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, விறாந்தையில் கதிரையை விட்டு எழும்பாமல் இருட்டும்வரை இருந்தேன். ஏனென்றால் அப்படிக் கடிதம் நானும் எழுதியிருக்கிறேன்.

1990இல் என் தம்பி சைக்கிளில் வெளியே போனான், திரும்பி வரவில்லை. எங்கள் பெத்தா, அம்மாவின் தாய், அவனை வளர்த்தவ. நெஞ்சு வருத்தக்காரி. “பெத்தாவுக்குச் சொல்லாதீங்க, தாங்க மாட்டா” என்று அப்பா சொன்னார். கட்டாருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்றோம். கொஞ்ச நாளில் பெத்தா கடிதம் எங்கே என்று கேட்கத் தொடங்கினா. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவ, அவன் கையெழுத்தும் தெரியும். ஆகவே நான் அலுவலகம் பூட்டுகிற நேரத்தில் தமிழ் மெசினில் தாள் செருகி, ‘அன்புள்ள பெத்தாவுக்கு, நான் நலம்’ என்று அடித்தேன். கம்பனியில் தமிழ் மெசின் இருக்கிறது, ஆள்கைவசம் கொடுத்து விட்டிருக்கிறான் என்று சொல்லிக் கொடுத்தோம். ஒன்றரை வருடத்தில் நான்கு கடிதம். நான்காவதை வாசித்துவிட்டுப் பெத்தா அதை மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னா: “இந்த மெசின்ல ‘ற’ எல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சு விழுது புள்ள. நீ கோயில் நோட்டீஸ் அடிச்சாலும் இப்பிடித்தான் விழும்.” மறுகா ஒன்றும் பேசவில்லை. எத்தனையாவது கடிதத்தில் கண்டுபிடித்தா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கடிதம் அடிக்கவில்லை, பெத்தாவும் கேட்கவில்லை. ஆனால் இரவில் முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டா.

இதை ஏன் ஒரு புத்தக விமர்சனத்தில் எழுதுகிறேன் என்றால், இந்த நாவலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். பிரபு பொய்க் கடிதம் எழுத வைத்தது பகையால். நாங்கள் எழுதியது பாசத்தால். ஆனால் கதை போகப் போக, நல்லவர்களும் பாசத்தால்தான் ஒருவருக்கொருவர் மறைக்கிறார்கள். அப்படி மறைக்கிற ஒவ்வொரு இடத்திலும் கதவு திறந்துகொள்கிறது, பிரபு உள்ளே வருகிறார்.

லூசி மீனாவின் தோழி, பிரபு இரவில் வந்து அவளுடைய இரத்தத்தைக் குடிக்கிறார். அவளுடைய தாயைப் பாருங்கள். அவவுக்கு நெஞ்சு வருத்தம், அதிர்ச்சி கூடாது. ஆகவே மகளுக்கு என்ன நடக்கிறது என்று டாக்டர்கள் அவவிடம் சொல்லவில்லை. அவவும் தன் நோயை மகளிடம் சொல்லவில்லை. வான் ஹெல்சிங் என்ற முதிய டாக்டர், பிரபு கிட்ட வராமல் இருக்க, அறை முழுவதும் உள்ளிப் பூவை மாலையாகக் கட்டி வைத்துவிட்டுப் போகிறார். எதற்கு என்று சொல்லவில்லை. தாய் இரவில் எட்டிப் பார்க்கிறா, பிள்ளைக்கு மூச்சு முட்டப் போகிறதே என்று பூவை எல்லாம் எடுத்து வீசிவிட்டு, யன்னலையும் கொஞ்சம் திறந்து வைக்கிறா. காலையில் அதைச் சந்தோஷமாக டாக்டரிடமே சொல்கிறா. வான் ஹெல்சிங் அவவுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு நின்றுவிட்டு, மற்ற அறைக்குள் போய் உடைந்து அழுகிறார். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். முதல் வாசிப்பில் எனக்கு அந்த டாக்டர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் காலத்து வைத்தியம் வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு பயம் தரும். லூசிக்கு நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக இரத்தம் கொடுக்கிறார்கள். யாருக்கு என்ன வகை என்று ஒருவரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இரத்த வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்தது இந்தப் புத்தகம் வந்து மூன்று நான்கு வருடத்துக்குப் பிறகுதான். இன்றைய வாசகி ஒருத்திக்குப் பிரபு கடித்ததைவிட இந்த ஊசி பயங்கரமாகத் தெரியும்.

ஜூன் 24ஆம் திகதிப் பகுதியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி கோட்டை வாசலுக்கு வந்து, தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு, பிள்ளையைத் தா என்று கதறுகிறாள். கதவு திறக்கவில்லை, ஓநாய்கள் வருகின்றன. அவளுடைய சத்தம் கேட்கவே இல்லை என்று ஜொனதன் மேலே யன்னலில் நின்று எழுதுகிறார். எங்கள் பக்கத்தில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி நடக்கும், உடுக்கு அடித்து வழக்குரை பாடுவார்கள். கண்ணகி வந்து வாசலில் நின்றால் காவலன் ஓடிப்போய் அரசனிடம் சொல்வான், அரசன் உள்ளே விடச் சொல்வான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அந்த உடுக்குச் சத்தம் காதை விட்டுப் போகுமுன்னே, வழக்குரைக்க வந்த இந்தத் தாயை வாசலிலேயே முடித்துவிட்டதை வாசித்தேன். அவளுக்காக இரங்க முடியவில்லை, அவள் செத்ததே நல்லது என்று ஜொனதன் எழுதுகிறார். அந்த வரியை நான் ஏற்கமாட்டேன். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்த தாய்மாருக்கு எத்தனையோ சத்தியக்கடதாசி அடித்துக் கொடுத்தவள் நான். அவர்களில் ஒருத்தியைப் பற்றியும் அப்படி நினைக்க எனக்கு மனம் வராது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன்.

கிழக்கைப் பற்றி ஸ்டோக்கர் எழுதியிருப்பதிலும் எனக்குக் குறை உண்டு. தொடக்கத்திலேயே ஜொனதன், கிழக்கே போகப் போக ரயில் நேரம் தவறுகிறது, சீனாவில் எப்படி இருக்குமோ என்று எழுதுகிறார். அப்புறம் அந்த ஊர் மக்கள், அவர்கள் உடுப்பு, நாடோடிகள், மூடநம்பிக்கை என்று ஒரு நீளப் பட்டியல். இலங்கைக்குள்ளே எங்களுக்கும் இதே அனுபவம்தான். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் செய்து பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். உதயதேவி ரயிலில் முதன்முதலாக வருகிறவர்கள் பாதிப் பயத்தோடு, பாதி ஆசையோடு அதைப் பற்றி விசாரிப்பார்கள். பேய் என்று அவர்கள் சொல்கிற காடேறிக்கு எங்கள் பெத்தா மடை வைத்துக் கும்பிட்டிருக்கிறா. ஆகவே இன்னொருவருடைய நாட்குறிப்பில் ‘கிழக்கு’ என்று எழுதப்பட்டால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கவனியுங்கள். சத்திரக்காரரின் மனைவி, அந்த ‘மூடநம்பிக்கை’க்காரி, தன் கழுத்தில் கிடந்த சிலுவையைக் கழற்றி ஜொனதனுக்குப் போட்டுவிடுகிறா. உன் தாய்க்காகப் போட்டுக்கொள் என்கிறா. அது இல்லாவிட்டால் அவர் எட்டாம் திகதியே முடிந்திருப்பார். உண்மையை முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான்.

நடுப்பகுதி இழுக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. வான் ஹெல்சிங் வாய் திறந்தால் இரண்டு பக்கம் போகும், அதுவும் உடைந்த ஆங்கிலத்தில். விட்பி என்ற கடலோர ஊரில் ஒரு கிழவர் கல்லறைகளைப் பற்றிப் பேசுகிற பேச்சு அந்த ஊர் வழக்கிலேயே இருக்கிறது. அகராதியும் கைவிட்டது, எனக்குப் பாதி விளங்கவில்லை. தாண்டிப் போனாலும் கதை கெடாது. ஆனால் அதே ஊருக்கு வந்து மோதுகிற கப்பலின் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். டிமீட்டர் என்ற ரஷ்யக் கப்பல். 1885இல் விட்பியில் உண்மையாகவே கரைதட்டிய டிமிட்ரி என்ற கப்பலைக் கேள்விப்பட்டுத்தான் ஸ்டோக்கர் இதை எழுதினார். கப்பல் தலைவரின் பதிவேடு சில பக்கம்தான். ஒவ்வொரு நாளும் ஒரு ஆளைக் காணோம், ஒரு ஆளைக் காணோம். கடைசியில் தலைவர் தன் கைகளைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு, நடந்ததை எழுதிப் போத்தலில் அடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சாகிறார். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வாவியைப் பார்த்த வீட்டில் இருந்து இதை வாசித்தேன். இந்தக் கடல் 2004இல் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாங்கள். இருட்டில் கப்பல் வருகிற வரிகளை என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. அந்த மனிதர் தன் உயிருக்கு முன்னால் தன் எழுத்தைக் காப்பாற்றினார் என்பதுதான் மனத்தில் நின்றது.

இனி மீனா. வில்ஹெல்மினா என்பதன் சுருக்கம்தான், ஆனால் எங்கள் பெயராகவே வாயில் வருகிறது. பாதிக் கதைக்கு மேல் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஜொனதனிடம் ஒரு சுருக்கெழுத்துப் புத்தகம். லூசிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் செவர்டிடம் மெழுகு உருளைகளில் பேசிப் பதிந்த ஒலிக்குறிப்பு. லூசியின் கடிதங்கள் ஓரிடம், பத்திரிகைத் துண்டுகள் ஓரிடம். எல்லாருக்கும் ஒரு துண்டு தெரியும், ஒருவருக்கும் முழுவதும் தெரியாது. பிரபு சட்டத்தரணிகளை எப்படிப் பிரித்து வைக்க நினைத்தாரோ, அப்படியே இவர்கள் தாங்களாகப் பிரிந்து கிடக்கிறார்கள். 17ஆம் அத்தியாயத்தில் மீனா தட்டெழுத்து மெசினின் உறையைக் கழற்றுகிறாள். எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடிக்கிறாள், காபன் வைத்து மூன்று பிரதி எடுக்கிறாள். செவர்டின் உருளைகளில் ஒரு குறிப்பிட்ட இடத்தை எப்படித் தேடி எடுப்பது என்று அவருக்கே தெரியாது. இவள் முழுவதையும் உட்கார்ந்து கேட்டு அடிக்கிறாள். அவருடைய குரலில் இருந்த துக்கத்தை இனி யாரும் கேட்கவேண்டியதில்லை, சொற்களை மட்டும் நான் எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொல்கிறாள். தட்டெழுத்தாளரின் வேலை என்ன என்று இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் வாசித்ததில்லை. அழுதுகொண்டு சொல்வார்கள். நாங்கள் அழாமல் அடிக்கவேண்டும், ஒரு பெயரும் ஒரு தேதியும் பிசகக் கூடாது.

அந்தக் கடதாசிக் கட்டு மேசைக்கு வந்த பிறகுதான் அவர்களுக்கு எதிரி யார் என்று தெளிவாகிறது. பெட்டிகள் 50. பிரபு படுத்து இளைப்பாறுகிற, சொந்த ஊர் மண் நிரப்பிய பெட்டிகள். அவை எந்த வண்டியில் ஏறின, எந்த வீட்டில் இறங்கின என்று பற்றுச்சீட்டும் கூலியாட்களின் வாக்கும் வைத்துத் தேடிப் பிடிக்கிறார்கள். நீதிமன்ற வேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி தேன்.

ஆனால் இவ்வளவையும் செய்தவளை, அடுத்த அத்தியாயத்திலேயே ஆண்கள் எல்லாரும் சேர்ந்து ஒதுக்கிவிடுகிறார்கள். இனிமேல் மீனாவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், பெண்மனம் தாங்காது என்று முடிவு. ஆண்களுக்கு இருக்கிற மூளை இவளுக்கு என்று வான் ஹெல்சிங் மெச்சுகிறார், மெச்சிவிட்டுக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறார். அவர்கள் வெளியே பேய் தேடுகிற இரவுகளில் பேய் மீனாவின் அறைக்குள் வருகிறது. அவள் வெளிறிப்போவதை ஜொனதன் பார்க்கிறார், களைப்பு என்று நினைக்கிறார். அவளும் கெட்ட கனவு கண்டதைச் சொன்னால் இவர்கள் பயந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் விடுகிறாள். கண்டுபிடித்து எச்சரிப்பவர் ரென்ஃபீல்ட். ஈயையும் சிலந்தியையும் பிடித்துத் தின்கிற மனநோயாளி. அவர் பேச்சுக்கு யார் மதிப்புக் கொடுத்தார்கள்? இந்த இடத்தில் பெத்தாவின் முந்தானை முடிச்சு எனக்கு நினைவு வந்தது. நாங்கள் மறைத்ததால் பெத்தா எங்களோடு சேர்ந்து அழ முடியாமல் போய்விட்டது. தனியாக அழுதிருக்கிறா.

ரென்ஃபீல்ட் எச்சரித்த அந்த இரவில்தான் பிரபு படிப்பறைக்குள் புகுந்து, கையெழுத்துப் பிரதி எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறார். மெழுகு உருளைகளையும் போடுகிறார். நல்ல வேளையாக இன்னொரு பிரதி இரும்புப் பெட்டியில் இருந்தது. ஒரே ஒரு வரிதான், ஆனால் அந்த வரிக்கு நான் சத்தமாக “அப்பாடா” என்றேன். எதிரிக்கு எது பயம் என்று பாருங்கள். கத்தியை உடைக்கவில்லை, கடதாசியைத்தான் எரிக்கிறார்.

மீனாவை மறுபடி சேர்த்துக்கொண்ட பிறகுதான் வேட்டை நேராகப் போகிறது. பிரபு எந்த ஆற்று வழியால் தப்பிப் போவார் என்று கடதாசிகளை வைத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதும் அவள்தான். இருந்தாலும் அந்த நீண்ட துரத்தல் கொஞ்சம் சோர்வு தருகிறது. முடிவோ சட்டென்று வந்து, இரண்டு பந்தியில் முடிந்துவிடுகிறது. நெஞ்சில் முளை அடிப்பதும் இல்லை. ஜொனதனின் கூர்க்காக் கத்தியும் அமெரிக்கர் குவின்சி மொரிஸின் கத்தியும்தான் முடிக்கின்றன. இவ்வளவு நேரம் காத்திருந்ததற்கு இன்னும் கொஞ்சம் தந்திருக்கலாம். 5க்கு 4 கொடுக்கிறேன். குறைந்த ஒன்று துரத்தலுக்கும் லூசியை நடத்திய விதத்துக்கும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: காப்புரிமை முடிந்த புத்தகம். குட்டன்பேர்க் திட்டத்தில் ஆங்கில மூலம் இலவசமாகக் கிடைக்கும், தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். என் வயதுக் கண்களுக்கு அது உதவி. உயர்தர வகுப்பு ஆங்கிலம் விளங்குகிறவர்கள் முதல் நான்கு அத்தியாயத்தை எளிதாகக் கடப்பார்கள். சுருக்கிய பதிப்பு வேண்டாம். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது கடிதங்களையும் பற்றுச்சீட்டுகளையும்தான், அவை போனால் புத்தகமே போய்விடும். இன்னொன்று, தட்டெழுத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்டோக்கர் அச்சுக்குக் கொடுத்த தட்டெழுத்துப் பிரதி, ‘தி அன்-டெட்’ என்று கையால் எழுதிய தலைப்போடு, பல காலம் கழித்து அமெரிக்காவில் கிடைத்தது. அதுவும் தப்பிய பிரதிதான்.

நவம்பர் 6 அன்று கடைசிப் பகுதியை வாசித்தேன். அங்கே பனி, இங்கே மாரி தொடங்கிவிட்டது, வாவி கலங்கி விளிம்பு வரை வந்து நின்றது. ஏழு வருடத்துக்குப் பிறகு ஜொனதன் எழுதிய ஒரு சிறு குறிப்போடு புத்தகம் முடிகிறது. எல்லாக் கடதாசியையும் எடுத்துப் பார்த்தோம், இதில் மூலப் பத்திரம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை, வெறும் தட்டெழுத்துக் குவியல்தான், இதை வைத்து யாரையும் நம்பச் சொல்ல முடியாது என்கிறார். மூலம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை என் மேசைக்கு முன்னால் எத்தனை தடவை உட்கார வைத்திருக்கிறேன்.

அலுமாரியைத் திறந்தேன். தம்பிக்காக அப்பா கையெழுத்து வைத்த சத்தியக்கடதாசி. மூலத்தை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம், பிறகு போய்க் கேட்டபோது கோப்பே இல்லை என்றார்கள். என்னிடம் இருப்பது காபன் பிரதி. நான் அடித்தது, ‘ற’ எல்லாம் சரிந்து கிடக்கிறது. மெல்லிய தாள், மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. தங்கையின் மகளைக் கூப்பிட்டு, தொலைபேசியில் படம் பிடிக்கச் சொன்னேன். எதற்கு பெரியம்மா என்று கேட்டாள். அவளுக்கு மாமாவைப் பற்றி நாங்கள் சொன்னது கட்டார் கதைதான். உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுப் போய், கடைத்தெருவில் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்று அவளிடம் இருக்கிறது.